பஸ் வரும் வரைக்கும் நடந்த உறுப்பினர்

தேர்தலில் நின்றபோது அருளம்பலத்துக்கு வயது நாற்பத்து நான்கு. இறக்கக்கண்டியில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். இளவயதில் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு வேலைத்தளத்தில் பத்து வருடம் இருந்ததால் சிங்களமும் தடங்கலில்லாமல் பேசுவார். யுத்தம் வந்து, கடலில் பெரிய எஞ்சின் ஓட்டக்கூடாது என்று கட்டுப்பாடு போட்ட பிறகு அவருடைய கொட்டிலுக்கு வேலை வருவது குறைந்தது. வந்து குந்தியிருந்து ஊர்க்குறை சொல்லுகிறவர்கள் மட்டும் கூடினார்கள். 1994இல் பிரதேச சபைத் தேர்தல் அறிவித்தபோது அவர்கள்தான் அவரைப் பிடித்து நிறுத்தினார்கள்.

மற்ற வேட்பாளர்கள் உரிமை, அபிவிருத்தி, சமாதானம் என்று பேசினார்கள். அருளம்பலம் பள்ளிக்கூட மைதானத்தில் பஸ்ஸைப் பற்றி மட்டும் பேசினார். முன்பு ஊருக்குள் வந்துபோன பஸ், தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குப் பிறகு நிலாவெளியோடு திரும்பிக்கொண்டிருந்தது. அந்த மூன்று கட்டை, அதாவது மூன்று மைல் தூரத்தை மீன்காரப் பெண்களும் பிள்ளைத்தாச்சிகளும் கிழவர்களும் நடந்தார்கள்.

"பெரிய கதை கதைக்க எனக்குத் தெரியாது," என்றார். "காலமையும் பின்னேரமும் பஸ்ஸை ஊருக்குள்ள வர வைப்பன். வாற வருஷம் ஆவணிக்குள்ள வராட்டி, இதே இடத்தில நிண்டு உங்களுக்குப் பதில் சொல்லுவன்."

ஊர் அவருக்கு வோட்டுப் போட்டது. வென்றார்.

சபைக்குப் போன முதல் மாதமே கடிதம் எழுதத் தொடங்கினார். வீதி மோசம், பஸ் விட ஏலாது என்று டிப்போவிலிருந்து பதில் வந்தது. வீதியைத் திருத்தச் சொல்லி மேலிடங்களுக்குப் பதினொரு கடிதம் எழுதினார். தொண்ணூற்றைந்து தையில் போர்நிறுத்தம் வந்து, வீதிக்குப் போட இரண்டு லொறி கிரவல் மண்ணும் கொண்டுவந்து கொட்டினார்கள். சித்திரையில் சண்டை மறுபடி தொடங்கியது. கிரவல் கொட்டியபடியே கிடந்தது.

ஆவணி பிறந்தது. யாரும் அவரிடம் பஸ்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. இந்த நேரத்தில் கேட்பது நியாயமில்லை என்று ஊர் தானாகவே விட்டுவிட்டது. ஆனால் அருளம்பலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மைதானத்துக்கு வரச்சொல்லி வீடு வீடாகப் போய்ச் சொன்னார்.

"ஆர் இப்ப உங்களைக் கேட்டது?" என்றார் மனைவி இலட்சுமி. "சும்மா இருந்தால் சும்மா போயிடும்."

"அதுதான் எனக்குப் பயம்," என்றார் அவர்.

நாற்பது பேர் வரை வந்தார்கள். அருளம்பலம் எழும்பி, பஸ் வரவில்லை, சொன்னதைத் தான் செய்யவில்லை என்றார். சண்டையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், சபைக்கு எழுதிய விலகல் கடிதத்தைச் சட்டைப் பொக்கற்றிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"சண்டைக்கு நீங்கள் என்ன செய்யிறது? விடுங்கோ," என்று இரண்டு மூன்று குரல்கள் கேட்டன.

அப்போது சீதேவி எழும்பினார். மீன் விற்று மூன்று பெண்பிள்ளைகளை வளர்த்த விதவை. இருபது வருடமாகத் தலையில் பனையோலைக் கடகத்தோடு பட்டணம் போய் வருகிறவர்.

"தம்பி, அந்தக் கடிதத்தை மடிச்சு வையுங்கோ," என்றார். "நீங்கள் விலகிப்போனால் நாளைக்கு நாங்கள் ஆரைப் பிடிச்சுக் கேக்கிறது? அது லேசான வழி. நான் ஒண்டு கேக்கிறன், சொல்லுங்கோ. நீங்கள் கடைசியா எப்ப நிலாவெளிக்கு நடந்து போனனீங்கள்?"

அருளம்பலத்துக்கு நினைவுக்கு வரவில்லை. சபைக்குத் தெரிவான நாளிலிருந்து அவர் மோட்டார் சைக்கிளில்தான் போய்வந்தார். நடுவழியில் இராணுவச் சென்றியில், சோதனைச் சாவடியில், உறுப்பினர் அட்டையைக் காட்டினால் உடனே விட்டுவிடுவார்கள்.

"நாளைக்கு விடிய ஐஞ்சரைக்குச் சந்திக்கு வாங்கோ," என்றார் சீதேவி. "பஸ் வருமட்டும் எங்களோட நடவுங்கோ."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அருளம்பலம் சிரிக்கவில்லை. "வாறன்," என்றார்.

அடுத்த நாள் சொன்ன நேரத்துக்கு முன்பே சந்தியில் நின்றார். வெறுங்கையோடு வந்தவரைப் பார்த்து, காலில் நோ உள்ள ஒரு கிழவியின் கடகத்தைத் தூக்கி அவர் தலையில் வைத்தார்கள். அரைக் கட்டை போகுமுன்னே மீன் தண்ணீர் வழிந்து சட்டை நனைந்துவிட்டது. சென்றியில் அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு கடகமும் மணலில் விரித்த சாக்கில் கவிழ்க்கப்பட்டது. மீனைக் கிளறிப் பார்த்து, திரும்ப அள்ளச் சொன்னார்கள். வரிசை அசையவே மாட்டேன் என்றது. அவருடைய கை தன்னையறியாமல் அட்டை இருந்த பொக்கற்றுக்குப் போனது. சீதேவி அதைப் பார்த்தார். அருளம்பலம் கையை எடுத்துக்கொண்டார். நிலாவெளிக்கு வந்து சேர்ந்தபோது முதல் பஸ் போய்விட்டது.

மறுநாள் அட்டையை வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.

நடக்கத் தொடங்கி மூன்றாவது கிழமை, நிலாவெளியில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சாரதி அபூதாஹிரோடு கதை கொடுத்தார். கிண்ணியாக்காரர், நிதானமான ஆள்.

"வீதி திருத்தினால் எங்கட ஊருக்கு வருவீங்களா?"

"ரோட்டுல என்ன பிழை அண்ணன்?" என்றார் அபூதாஹிர். "இதைவிடப் பள்ளத்துலயெல்லாம் நான் ஓடியிருக்கன். சென்றியிலதான் வில்லங்கம். ஆக்களை இறக்கி, சாமானைக் கொட்டி, ஒரு மணித்தியாலம் போயிரும். ஓட்டம் பிந்தினா டிப்போவுல என்னைத்தான் பிடிப்பாங்க. அதை எழுத ஏலுமா? ரோட்டு சரியில்லை எண்டு எழுதிருவம்."

அருளம்பலம் அந்த இடத்திலேயே குந்திவிட்டார். பதினொரு கடிதமும் இல்லாத குறையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார். நடந்திருந்தால் முதல் கிழமையே தெரிந்திருக்கும்.

அன்று பின்னேரமே சென்றியின் அதிகாரியிடம் போய்ச் சிங்களத்தில் பேசினார். அதிகாரி இளம் ஆள், மரியாதையாகவே கேட்டார். ஆனால் சோதனையைக் குறைக்க முடியாது என்றார். ஆழமான கடகத்துக்குள் என்ன இருக்கிறது என்று கொட்டாமல் எப்படித் தெரியும்?

இதைத் திரும்பி வந்து சொன்னபோது, சீதேவி தன் கடகத்துக்குள் கையை விட்டு ஆழம் பார்த்தார். "ஆழம்தான் பிரச்சினை எண்டால் ஆழமில்லாத பெட்டியில கொண்டு போவம். மீனைப் பரப்பி வைச்சால் பாத்த உடன தெரியும். கொட்டவும் தேவையில்லை, மீனும் நசியாது."

தட்டையான பெட்டிகளைப் பெண்களே பனையோலையில் இழைத்தார்கள். ஒரு கிழமை பார்ப்போம் என்றார் அதிகாரி. முதல் நாளே ஒரு மணித்தியால வரிசை இருபது நிமிடத்தில் கலைந்தது. அதற்குள் மாரி தொடங்கிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அருளம்பலம் பொலித்தீன் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார். காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தார். மூன்றாம் நாள் இலட்சுமி தடுத்தும் கேளாமல் எழும்பிப் போனார்.

டிப்போவுக்குப் பன்னிரண்டாவது கடிதம் எழுதினார். இந்தமுறை வீதியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. முப்பது நாள் கையில் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு குறித்த சென்றி நேரங்கள் மட்டும் இருந்தன. பக்கத்தில் அபூதாஹிரின் கையெழுத்து: "இந்த நேரத்துக்குள் போய்வர என்னால் ஏலும்."

தொண்ணூற்றாறு மாசியில் ஒரு திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு, வெறும் பஸ் ஒன்று ஹோனை அடித்தபடி ஊருக்குள் வந்தது. சந்தியில் நின்ற சனம் கையைத் தட்டியது. அபூதாஹிர் கதவால் எட்டிப் பார்த்து, "ஏறுங்க, நேரமாகுது," என்றார். சீதேவி முன் சீற்றில் இருந்தார். பெட்டியை மடியில் வைத்தார். அருளம்பலம் பின் கதவில் தொங்கிக்கொண்டு போனார்.

அந்த ஞாயிறு மறுபடி கூட்டம் வைத்தார். "பாதிதான் செய்திருக்கிறன்," என்றார். "பின்னேர பஸ் இல்லை. நாலு மணிக்குப் பிறகு சென்றியில விடமாட்டாங்களாம்."

"ஓம், பாதி," என்றார் சீதேவி. "பின்னேரம் நடப்பீங்கள்தானே?"

நடந்தார். பின்னேர பஸ் வர இன்னும் ஒன்றரை வருடம் எடுத்தது. அதுவும் மூன்றரை மணிக்கு. இடையில் சண்டை கிட்ட வந்த கிழமைகளில் காலை பஸ்ஸும் நின்றது. நின்ற நாளெல்லாம் உறுப்பினர் கடகக்காரரோடு வீதியில் இருந்தார். பக்கத்துக் கிராமத்து உறுப்பினர் ஒருவர், "நீ எங்கட பேரையெல்லாம் கெடுக்கிறாய்," என்று முகத்துக்கு நேரே சொன்னார். அருளம்பலம் அதை வீட்டில் வந்து பெருமையாகவே சொன்னார்.

சபையின் காலம் முடிந்தது. யுத்தத்தைக் காட்டி அடுத்த தேர்தலைத் தள்ளிப்போட்டார்கள். அது வரப் பல வருடங்களாயின. கொட்டிலில் மறுபடி ஒன்றிரண்டு எஞ்சின்கள் கழற்றியபடி கிடந்தன. ஒருநாள் காலை சீதேவி வந்து, பள்ளிக்கூடக் கிணற்றுக் கட்டு இடிந்து, பிள்ளைகள் விளிம்பில் நின்று தண்ணீர் அள்ளுகிறார்கள் என்றார்.

"அக்கா, நான் இப்ப உறுப்பினர் இல்லை," என்றார் அருளம்பலம்.

"அது எனக்குத் தெரியும். உங்களுக்கு வோட்டுப் போட்டனான், அதுவும் தெரியும்."

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார், கையில் இருந்த கிறீசைத் துடைத்தார். "கிணறு எவ்வளவு ஆழம்?" என்று கேட்டுக்கொண்டே சட்டையைத் தேடினார்.