ஆளில்லாத சிவப்புக் குடை

ஜப்பானின் எடோ நகரில் எங்கள் அச்சுக்கூடம் இருந்த சந்தில் விளக்குக்கு எண்ணெய் விற்றவன் தொகுசுகே. எண்ணெய் கடைசிச் சொட்டுவரை வடிய நேரமாகும். அதுவரை ஊர்க்கதை பேசுவான். பனி விழுந்தால் சிவப்புக் காகிதக் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து நடப்பான். ஓவியர் அவனை அப்படியே தன் பனி மூடிய பாலத்துப் படத்தின் நடுவில் வைத்துவிட்டார்.

"என் கோணல் நடையை ஊரே காசு குடுத்துப் பாக்கப்போகுது," என்று பீற்றிக்கொண்டு திரிந்தான்.

பதிப்பாளருக்கு எதுவும் லேசில் பிடிக்காது. "இந்த ஆளு எதுக்குய்யா? வெறும் பனியா விடு," என்றார்.

எங்கள் தொழிலில் பனிக்கென்று சாயம் கிடையாது. பலகையில் மரத்தைச் சீவி எடுத்த இடம் தாளில் வெள்ளையாக நிற்கும், அதுதான் பனி. செதுக்குகிற மன்பெய் கறுப்புப் பலகையிலிருந்து தொகுசுகேயைச் சீவி எடுத்தார். சிவப்புக்குத் தனிப் பலகை. அதை அவரும் மறந்தார், அச்சடித்த நானும் மறந்தேன். பாலத்தின் நடுவில் ஆளில்லாமல் குடை மட்டும் நின்றது.

படம் அமோகமாக விற்றது.

அடுத்த பனியில் தொகுசுகே வீடு திரும்பவில்லை. பாலத்தின் நடுவில் அவன் குடை விரித்தபடி நின்றது. சுற்றிலும் காலடித் தடமே இல்லை.

பதிப்பாளர் அச்சுக்கூடத்துக்கு ஓடிவந்தார். "அந்தச் சிவப்பையும் சீவிடு, மன்பெய்."

மன்பெய் உளியைத் தொடவில்லை. சன்னலுக்கு வெளியே கைகாட்டினார். கொட்டும் பனியில் தொகுசுகேயின் மனைவி ஓரிகு அதே சிவப்புக் குடையைப் பிடித்தபடி எண்ணெய்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள்.

"குடைக்கடியில இப்போ அவ இருக்கா, முதலாளி."