திண்டிவனம் ஆஸ்பத்திரியில் இன்னொரு பிள்ளை

இது நடந்தது. நடுராத்திரியில் அல்ல, பட்டப்பகலில், திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி அறையில். நான் தூக்கத்திலும் இல்லை, மயக்கத்திலும் இல்லை. இதை எழுதும்போதுகூட எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வருகிறது.

என் மகன் புகழுக்கு நான்கு வயது. சிறுநீர் வரும் துளை அவனுக்குப் பிறவியிலேயே நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருந்தது. நின்றபடி போனால் தொடையெல்லாம் நனையும். "யார் மேலயும் தப்பு இல்லம்மா, ஆபரேஷன் பண்ணி சரி பண்ணிடலாம்" என்றார் டாக்டர். வளவனூரில் என் மாமனார் சுப்பராயலுதான் குதித்தார்.

"வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்? ஆஸ்பத்திரி பக்கம் போனீங்க, இந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது!"

நான்கு வயதுப் பிள்ளைக்குப் பெண் தேடுகிற கவலை அவருக்கு! நானும் கணவர் ஜெகதீசனும் சொல்லாமலே கிளம்பிவிட்டோம்.

காலையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புதிதாக அமைத்த பாதை ஆறும்வரை உள்ளே ஒரு மெல்லிய டியூப். "இது மட்டும் உருவிடக் கூடாது, ஜாக்கிரதை" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். மதியம் ஜெகதீசன் சாப்பாடு வாங்கப் போனார்.

அப்போதுதான் பாத்ரூமில் சத்தம் கேட்டது.

சொட்... சொட்...

போய்ப் பார்த்தேன். குழாய் மூடியிருந்தது. தரை காய்ந்து கிடந்தது. கதவைச் சாத்தி, வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். கட்டிலருகே இரண்டு ஈரச் சுவடுகள். சின்னப் பாதங்கள். புகழோ கட்டிலைவிட்டு இறங்கவே இல்லை.

அவன் கண் விழித்தான்.

"அம்மா, அந்த அண்ணனுக்கும் ஆபரேசனா?"

"எந்த அண்ணன்டா?"

"தோ நிக்கிறான் பாரு. காலெல்லாம் ரத்தம்."

அந்த நேரம் பார்த்து அறைக்கதவு படாரென்று திறந்தது. மாமனார். யார் சொன்னார்களோ, தேடிப்பிடித்து வந்துவிட்டார்.

"தூக்கு புள்ளைய. வீட்டுக்குப் போலாம்."

"மாமா, டியூப் இருக்கு. அசைக்கக் கூடாது."

"இன்னா பெரிய டியூப்? புடுங்கிப் போடு!"

கையை நீட்டினார். நான் குறுக்கே பாய்ந்தேன்.

"புள்ள மேல கைய வச்சீங்க, மரியாதை கெட்டுடும்!"

க்ளக்...

பாத்ரூம் தாழ்ப்பாள் தானாக விலகியது.

கதவு மெல்லத் திறந்தது. உள்ளே யாருமில்லை.

தரையில் ஒரு சுவடு விழுந்தது. அடுத்து இன்னொன்று. தண்ணீர் இல்லை... சிவப்பு.

அவரை நோக்கி.

பிறகு ஒரு குரல். சின்னப் பிள்ளையின் குரல்.

"வேணாம்ப்பா... பிளேடு வேணாம்ப்பா..."

மாமனாரின் வேட்டி நனைந்தது. "தமிழ்மணி..." என்றார்.

ஓடிவிட்டார்.

நர்ஸ் வந்து பார்த்தபோது தரையில் ஒன்றுமே இல்லை.

புகழ் தேறி வீட்டுக்கு வந்தபின், கணவரின் அத்தை கிருஷ்ணவேணி எங்களைப் பார்க்க வந்தார். நான் விடவில்லை.

"தமிழ்மணி யாரு?"

அவர் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஜெகதீசனுக்கு மூத்தவன் கண்ணு. அவனுக்கும் இதே குறைதான். ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு, நானே சரி பண்றேன்னு, எங்க அண்ணன் வீட்லயே பிளேடால..."

"நீங்கல்லாம் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"வெளிய சொன்னா மானம் போயிடும்னாரு..."

பிள்ளை காமாலையில் செத்தான் என்று ஊருக்குச் சொன்னார்களாம். ஊரும் கேட்டுக்கொண்டது. ஒரு போட்டோகூட விட்டுவைக்கவில்லை. தனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பதே என் கணவருக்கு அன்றுதான் தெரியும்.

அறுத்த பிறகும் இரண்டு நாள் அந்தப் பிள்ளைக்கு உயிர் இருந்ததாம். வளவனூரிலிருந்து விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்.

யாரும் அவனைத் தூக்கிக்கொண்டு போகவில்லை.