ஷமீம் மேடம் பென்சிலில் குறித்த பள்ளம்

கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். ஷமீம் மேடத்தின் மகள் அழைத்தாள். "அம்மா மவுத்தாயிட்டாங்க சார்." மேடம் இறந்துவிட்டார் என்றதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. இறங்க வேண்டிய வேங்கிக்கால் நிறுத்தத்தையும் தாண்டிப் போய்விட்டேன்.

திருவண்ணாமலையில் ஒரே கல்லூரியில் இருவரும் இயற்பியல் நடத்தினோம். இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அவரை வகுப்பில் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தது எதிர் நாற்காலியில். மிகத் தொலைவிலுள்ள குவாசர் என்ற பிரகாசமான விண்பொருளின் ஒளி நம்மிடம் வரும் வழியில் ஹைட்ரஜன் வாயு குறுக்கிட்டால், ஒரு குறிப்பிட்ட நிறத்தை மட்டும் அது விழுங்கிவிடும். ஒளியின் வரைபடத்தில் அந்த இடத்தில் பள்ளம் விழும். ஞாயிறுதோறும் மேடத்தின் வீட்டில் அந்தப் பள்ளங்களைத் தேடுவோம். ஆளுக்கொரு தாள், ஆளுக்கொரு பென்சில். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. இருவரும் குறித்தது மட்டுமே பட்டியலில் சேரும். மேடம் போட்ட சட்டம்.

ஒருநாள் சோம்பல். அவர் டீ போட உள்ளே போனதும் எட்டிப் பார்த்து, அவர் குறித்ததையெல்லாம் என் தாளில் ஏற்றிவிட்டேன். அதில் ஒன்று பள்ளமே இல்லாத இடம். அவர் பென்சில் தவறி இழுத்த கோடு!

"என் கை வழுக்கினது சரி. உங்க கையும் அதே இடத்துல எப்படி சார் வழுக்குச்சு?"

கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கோ மானமே போய்விட்டது. பிறகு இரண்டு தாளையும் கிழித்துப் போட்டார். "காப்பி அடிச்சா ஒருத்தர் கண்ணுதான் சார். அப்புறம் ரெண்டு பேர் எதுக்கு?"

ஒரு குவாசரில் மட்டும் எங்கள் தாள்கள் ஒத்துப்போகவில்லை. "நீங்க ஒண்ணை விட்டுட்டீங்க. எங்கேன்னு சொல்ல மாட்டேன்" என்றார். மூன்று முறை புதிதாக அச்சிட்டுக் கொடுத்தார். மூன்று முறையும் எனக்குத் தெரியவில்லை. அது பட்டியலில் ஏற வேண்டுமென்று அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது எனக்குத்தான் தெரியும். ஆனாலும் தம் தாளை உறையிலிட்டு ஒட்டி, என்னிடமே கொடுத்துவிட்டார். "சிக்னல் கம்மி, இரைச்சல் ஜாஸ்தி. நல்ல பதிவு வரட்டும் சார். அது எங்க ஓடிடப் போவுது?"

நல்ல பதிவு வந்தது, அவருக்காக நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த வாரத்தில். பெரிய தொலைநோக்கியில் எடுத்தது. அச்சிட்டு, அவர் வீட்டு மேசையிலேயே உட்கார்ந்து, அவர் மகள் முன்னால் குறித்தேன். வலது ஓரத்தில் மெல்லிய பள்ளம் ஒன்று. சந்தேகமே இல்லை. அதன் பிறகுதான் உறையைப் பிரித்தேன். அதே இடத்தில் மேடத்தின் பென்சில் கோடு. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அவருடைய பாதிப் பென்சில் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. அவர் சட்டமும் என்னோடு இருக்கும். அந்தப் பென்சிலால்தான் பட்டியலில் அந்தப் பள்ளத்தை எழுதினேன்.

இந்தத் தடவை எட்டிப் பார்க்கலைங்க, மேடம்.