கன்னியம்மா அக்காவின் பஸ் பாட்டு

இன்று காலை ஒரு பட்டறையில் பட்டுநூலைச் சோப்புத் தண்ணீரில் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஈரவாடை மூக்கில் ஏறியதும், ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பழைய சாயப்பட்டறைக்குப் போய்விட்டேன். இப்போது அங்கே செல்போன் கடை இருக்கிறது. அன்று கொப்பரைகள் கொதிக்க, அடுப்புக்கு விறகு தள்ளியபடியே கன்னியம்மா அக்கா தானே கட்டிய பாட்டுகளைப் பாடுவார். நேரத்துக்கு வராத பஸ்ஸையும், சோறு பிசையும்போதும் கையை விடாத சிவப்புச் சாயத்தையும் பற்றிய அந்தப் பாட்டுகள் நூல் பிழிகிறவர்களின் வாயில் ஏறி, தெருத்தெருவாகப் போய், தறிச்சத்தத்தோடு கலந்துவிடும். எந்தக் கேசட்டிலும் ஏறாத அந்தக் குரலுக்கு ஈடாக இன்னொன்றை நான் இன்றுவரை கேட்டதில்லை.

ஒருமுறை கோயில் திருவிழாவில் பாட அக்கா இடம் கேட்டார்.

"வேலூர்லேருந்து கச்சேரிக்காரங்க வந்துகினு இருக்காங்க. உன் கரகரத் தொண்டைய யாரு கேப்பாங்க?" என்று விழாத் தலைவர் சொல்லிவிட்டார்.

கச்சேரி பாதியில் இருக்கும்போது கரண்டு போனது. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு கலையத் தொடங்கியபோது, பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழுந்து நின்று பஸ் பாட்டை எடுத்தார். இரண்டாவது அடியை நெசவுத் தெருக்கள் மொத்தமும் திருப்பிப் பாடின. நானும் தொண்டை கட்டும்வரை பாடினேன்.

கரண்டு வந்ததும் தலைவரே மைக்கோடு இறங்கி வந்தார்.

"இதுல பாடுங்கம்மா."

"அத்த நீங்களே வெச்சிக்கங்க. நம்ம ஜனத்துக்கு நல்லாவே கேக்குது," என்று சொல்லிவிட்டு, அக்கா அடுத்த பாட்டை ஆரம்பித்தார்.