ஆறாவது நாற்காலியின் நிறம்

பட்டறையில் அம்மாவின் பெயர் யாருக்கும் தெரியாது. சாயக்கா என்றால்தான் தெரியும். மரச் சாமான்களைப் பழுது பார்க்கும் பட்டறை அது. உடைந்த மேசைக்குப் புதுக் கால் வைப்பார்கள், அலமாரிக்குப் புதுக் கதவு வைப்பார்கள். புது மரம் வெளுத்துப்போய் நிற்கும். எது புதுசு, எது பழசு என்று வீட்டுக்காரரே திணறும்படி அதற்கு நிறம் ஏற்றுவது அம்மாவின் வேலை. இருபத்தாறு வருடம் அதைத்தான் செய்தாள். அவள் தலை பின்னி அனுப்பிய நாட்களில் என் ரிப்பனில் பழுப்பாக ஒரு விரல் தடம் இருக்கும்.

முதலில் ஈரத் துணியால் புது மரத்தைத் துடைப்பாள். ஈரத்தில் மரம் காட்டும் முகம்தான் பாலிஷுக்குப் பிறகு வரும் முகம். அந்த ஈரம் காய்வதற்குள் மனதில் கலவை முடிந்துவிடும். பிறகு டப்பாக்களைத் திறப்பாள். அதே மரத்தின் துண்டில் பூசிப் பார்த்த பிறகே சாமான் மேல் கை வைப்பாள். எந்த வேலையானாலும் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கட்டைவிரல் அளவுக்குச் சாயம் படாமல் விட்டுவிடுவாள்.

"நாளைக்கு இதை ரிப்பேர் பண்ண வர்றவனுக்கு உள்ள என்ன மரம்னு தெரிய வேண்டாமா?"

அப்பா அச்சகத்தில் பிழை திருத்துபவர். அவருக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. "கலர் பார்க்கிறவளுக்கு வாய்ச்ச புருஷனைப் பாரு" என்று பட்டறையில் சிரிப்பார்கள். சாயங்காலம் அம்மா பையிலிருந்து இரண்டு மரத்துண்டுகளை எடுத்து ஜன்னலோரம் பிடிப்பாள்.

"எதுங்க கருப்பு?"

"இடது."

"எவ்வளவு?"

"ஒரு கை."

ஒரு கை என்றால் ஒரு தடவை பூசும் சாயம். அம்மா தலையாட்டிக்கொண்டு துண்டுகளை உள்ளே போடுவாள். அவரைச் சீண்டுகிறாள் என்றுதான் நானும் தங்கையும் நினைத்தோம்.

எங்கள் சாப்பாட்டு மேசைக்கு ஆறு நாற்காலிகள். ஆறுக்கும் சாயம் ஏற்றியவள் அம்மாதான். தங்கை கணவர் இந்த வீட்டில் முதல் தடவை சாப்பிட உட்கார்ந்தபோது பின்னால் சாய்ந்து ஒன்றை முறித்தார். "மாப்பிள்ளை முறுக்கோட வந்தாரு, நாற்காலி முறிஞ்சிடுச்சு" என்று அம்மா வருடக்கணக்கில் ஓட்டினாள். அதற்குப் பதிலாகப் பட்டறை மேஸ்திரி வேறு மரத்தில் ஒன்று செய்து கொடுத்தார். வெள்ளை மரம். அதற்குச் சாயம் பூச எட்டு வருடமாக அம்மாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. "ஊர் நாற்காலிக்கெல்லாம் பூசியாச்சு. இதுக்கு என்ன அவசரம்?" என்று தானே அதில் உட்கார்ந்துகொண்டாள்.

அம்மா போய் ஐந்து வாரம். அப்பா சமையலறையில் நின்றபடியே, தட்டைக் கையில் பிடித்துச் சாப்பிடுகிறார். ஏன் என்று கேட்டேன்.

"அந்த வெள்ளை நாற்காலியப் பார்த்தா தொண்டையில இறங்க மாட்டேங்குதும்மா. மத்ததோட சேர்த்துடு. எது அவளோடதுன்னு தெரியாம போயிடட்டும். அப்புறம் வந்து உட்கார்றேன்."

அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை தங்கை கணவரோடு வருகிறாள். ஒரு வாரம் லீவு போட்டேன். கார் பெயின்ட் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் நிறம் அளப்பது என் வேலை. இது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

அம்மாவின் டப்பாக்களை வாங்கப் பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி எடுத்துக் கொடுத்தார்.

"காருக்குப் பெயின்ட் மேலயே நிக்கும். மரம் குடிக்கும்மா."

"எவ்வளவு குடிக்கும்?"

"அதை சாயக்காவைத்தான் கேட்கணும்."

சொல்லிவிட்டு உப்புத்தாளை எடுத்து, ஏற்கெனவே வழவழப்பாக இருந்த ஒரு பலகையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

அழுக்கும் கீறலும் இல்லாத பரப்பில்தான் அளக்க வேண்டும் என்பது ஆய்வகத்தில் முதல் பாடம். ஐந்து நாற்காலிகளையும் கவிழ்த்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் அம்மா விட்ட பொட்டு இருந்தது. அதைச் சுற்றி நிறம் சுத்தமாக, சீராக இருந்தது. ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த நிறம் அளக்கும் கருவியை வைத்துப் பத்து இடத்தில் அளந்து சராசரி எடுத்தேன். வெள்ளை மரத் துண்டுகளில் பூசிப் பூசி எண்களை நெருங்கினேன். பதினான்காவது துண்டில் எண் பொருந்தியது.

நாற்காலியைத் தேய்த்தேன். ஈரத் துணியால் துடைத்தேன். துணியில் சாயம் தொட்டு நார் போன திசையிலேயே இழுத்து, மிச்சத்தை உடனே துடைத்து எடுத்தேன். பொட்டுக்கு இடம் விட்டேன். மறுநாள் மேலே பாலிஷ். காய வைத்துவிட்டுப் பக்கத்திலேயே தரையில் படுத்தேன். மதிய வெயில். தூசி பொன்னாக மிதந்தது. பாலிஷ் வாசனையில் கண் சொருகியது. பட்டறையும் வீடும் ஒரே அறையாகிவிட்டன. யாரோ என் தலையைப் பின்னிக்கொண்டிருந்தார்கள். இழுத்த இழுப்பில் வலிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் பின்னல் கலைந்துவிடும் என்று ஆடாமல் இருந்தேன்.

விழித்தபோது எதிரே அந்த நாற்காலி நின்றது. எனக்கு ஏழு வயது. தங்கைக்குக் கால் தரையைத் தொடாது. மேசை நேற்றுத்தான் வந்திருந்தது. நாற்காலியின் நிறம் அப்படியே அந்த நாள். எவ்வளவு நேரம் அதற்குள் இருந்தேனோ தெரியாது.

அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பளிச்சுன்னு இருக்குப்பா, இல்ல?"

"கருப்பு ஜாஸ்தி."

"எண்ணு சரியா இருக்குப்பா."

"எண்ணு சரியா இருக்கலாம். இது இப்ப இருக்கற நாற்காலி இல்ல. உங்கம்மா இதுங்களைக் கொண்டுவந்த அன்னிக்கு இருந்தது. அன்னிக்கும் என்னைத்தான் கேட்டா."

மற்ற ஐந்தோடு சேர்த்து வைத்தேன். உண்மைதான். வெள்ளையாக இருந்தபோதுகூட இவ்வளவு தனியாகத் தெரியவில்லை. இருபத்தைந்து வருட வெயில் ஐந்தின் மேல்பக்கத்தையும் வெளிற வைத்திருந்தது. வெயில் எட்டாத அடிப்பக்கத்தை அளந்து, அம்மாவுக்கு முப்பத்திரண்டு வயதாக இருந்த நிறத்தை ஏற்றியிருந்தேன். எங்கள் ஆய்வகத்தில் பயிற்சிக்கு வருகிறவர்கள்கூட இதைச் செய்ய மாட்டார்கள்.

"தேய்ச்சு எடுக்கணும்பா. எடுத்தாலும் ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியுமான்னு தெரியல."

"உப்புத்தாள் இன்னொண்ணு இருக்கா?"

இரண்டு பேரும் தேய்த்தோம். இரண்டு நாள். அப்பா பக்கம் ஒரு கால் மெலிந்தே போயிற்று. "போதும்பா, பல்குச்சி ஆயிடும்" என்றேன். ஐந்து வாரத்தில் முதல் தடவையாக மூக்கால் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கருவியைப் பெட்டியில் வைத்து மூடினேன். கலவையில் பாதிக்குமேல் தின்னர் விட்டு இளக்கினேன். ஒரு துண்டில் பூசி, பழைய நாற்காலியின் கை படும் இடத்தோடு சேர்த்து ஜன்னலோரம் பிடித்தேன்.

"எதுப்பா கருப்பு?"

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார்.

"வலது."

"எவ்வளவு?"

"அரை கை."

இளக்கினேன். பூசினேன். பிடித்தேன். சிவப்பா மஞ்சளா என்பதை நான் பார்த்துக்கொண்டேன். அடர்த்தியை அவர் பார்த்தார். நிறம் குழப்பாத கண்ணுக்கு அடர்த்தி தெளிவாகத் தெரிகிறது. அம்மா அவரைச் சீண்டவில்லை. இருபத்தாறு வருடமாக ஊரில் உள்ள பாதி மேசைகளுக்கும் அலமாரிகளுக்கும் கடைசி வார்த்தை இந்த ஜன்னலோரத்தில்தான் சொல்லப்பட்டிருக்கிறது. பட்டறையில் அது யாருக்கும் தெரியாது.

வெளிச்சம் சாயும் நேரத்தில் அப்பா இரண்டையும் வெகுநேரம் பார்த்தார்.

"தெரியல. ரெண்டும் ஒண்ணு."

சனிக்கிழமை காலை சாயம். சாயங்காலம் பாலிஷ்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். நாற்காலிகளைச் சுற்றி இரண்டு தடவை நடந்தாள்.

"அக்கா, எது அது?"

"கண்டுபிடி."

முடியவில்லை. அவள் கணவர் ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்துவிட்டு ஜாக்கிரதையாக ஓரத்தில் உட்கார்ந்தார். "சாயாதீங்க" என்று நானும் தங்கையும் ஒரே நேரத்தில் சொன்னோம். அம்மா சொல்ல வேண்டிய இடம். மூன்று பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டோம்.

அப்பா சமையலறையிலிருந்து தட்டோடு வந்தார். தட்டை மேசைமேல் வைத்தார். காலியாக இருந்த மூன்று நாற்காலிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து, ஒன்றைப் பின்னால் சரித்து அடியில் பார்த்தார். பழுப்பு மரத்தில் அம்மாவின் பொட்டு. இறக்கி வைத்தார். அடுத்ததைச் சரித்தார். மூன்றாவதில் வெள்ளையாக ஒரு பொட்டு. என் கட்டைவிரல் அளவு.

தெரியாமல் போகட்டும் என்று கேட்டவர் அவர்தான்.

அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மெலிந்த கால் லேசாக ஆடியது.

"யார் தேய்ச்சது இந்தக் காலை?" என்றார்.

தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.