பேத்தைக்குப் பல் வெட்டிய ஞாயிறு

மீனுக்குப் பல் வளரும் என்று சொன்னால் இப்போதும் சிரிக்கிறார்கள். அலுவலகத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் கொசுவுக்கு நகம் வெட்டினாயா என்று கேட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வளரும். எங்கள் வீட்டில் வளர்ந்தது. விருத்தாசலத்தில் செராமிக் கூடங்களுக்குப் பின்னால் இருந்த எங்கள் வாடகை வீட்டில், கிளி மூக்கு மாதிரிப் பல் வளைந்து வளர்ந்து, வாயைத் திறக்க வழியில்லாமல் ஒரு மீன் பட்டினி கிடந்தது. அதைப் பட்டினி போட்டது வேறு யாருமில்லை, எங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாசம்தான்.

மீனைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். உப்பங்கழியில் வலை போட்டவர்கள், தின்றால் விஷம் என்று தூக்கி எறிந்த மீனை ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு எடுத்து வந்துவிட்டார். பச்சை முதுகில் கறுப்புப் புள்ளிகள், வெள்ளை வயிறு. பயந்தால் தண்ணீரைக் குடித்துப் பந்து மாதிரி உப்பிக்கொள்ளும். அதற்குப் பேத்தை என்று பெயர். எனக்கு அப்போது ஒன்பது வயது. கோபம் வந்தால் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்பேனாம். அதனால் மாமா என்னையும் பேத்தை என்றே கூப்பிட ஆரம்பித்தார். அதில் எனக்கு ஏற்பட்ட கோபத்தைத் தனியாக எழுத வேண்டும்.

மீன் என்னுடையது. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டது அத்தை, அப்பாவின் தங்கை. பெண்ணாடத்தில் கட்டிக் கொடுத்து, கொஞ்ச காலத்தில் ஒரே ஒரு பெட்டியோடு பஸ்ஸில் திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று கேட்டால் என்னைப் போய்ப் படிக்கச் சொன்னார்கள். அப்பா மட்டும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “என் தங்கச்சிய நான் உக்கார வச்சி சோறு போடுவேன்” என்பார். சொன்னபடியே செய்தார். அத்தை குடத்தைத் தூக்கினால் வாங்கி வைத்துவிடுவார். கடைக்குக் கிளம்பினால் என்னை அனுப்புவார். அத்தை வாயில்லாப் பூச்சி. உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருந்தாள். சோறு மட்டும் சரியாக இறங்காது. பாதித் தட்டில் கை கழுவிவிடுவாள்.

அப்பாவும் அம்மாவும் ஒரே செராமிக் கூடத்தில் வேலை பார்த்தார்கள். அப்பா பிளாஸ்டர் அச்சுகளில் களிமண் கூழ் ஊற்றுவார். அம்மா, காய்ந்த பொம்மைகளில் அச்சு சேர்ந்த இடத்தில் நிற்கும் பிசிறைச் சுரண்டி எடுப்பாள். அவர்கள் போய்விட்டால் வீட்டில் அத்தையும் மீனும்தான். மீனுக்கு யோகம் அடித்தது. வயலில் பொறுக்கிய நத்தையை வெந்நீரில் போட்டு, ஊக்கால் சதையை இழுத்து, பொடியாக நறுக்கிக் கொடுப்பாள். இறால் கிடைத்தால் உரித்துத்தான் கொடுப்பாள். ஓடு குத்துமாம், பாவமாம். அவளைக் கண்டாலே பேத்தை தொட்டியின் கண்ணாடி ஓரத்துக்கு ஓடிவந்து வாலை ஆட்டும். என்னைக் கண்டால் வராது. எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பிறகு அது தின்பதை நிறுத்தியது. தீனிக்குப் பக்கத்தில் வரும், பார்க்கும், மூக்கால் முட்டும், திரும்பிப் போய்விடும். உதட்டுக்கு வெளியே பல் நீட்டிக்கொண்டிருந்தது. வயிறு ஒட்டி முதுகோடு சேர்ந்துவிட்டது. அப்பா குனிந்து பார்த்துவிட்டு, இது வெறும் பிசிறு, தேய்த்தால் போய்விடும் என்றார். கூடத்தில் தேய்ந்து ஒதுக்கிய பிளாஸ்டர் அச்சின் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து தொட்டிக்குள் போட்டார். அதைக் கடித்துக் கடித்து மீன் தன் பல்லைத் தானே தேய்த்துக்கொள்ளுமாம். இந்த ஊரில் பிறந்தவருக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும்.

காலையில் தொட்டி மோர் மாதிரி வெளுத்திருந்தது. பேத்தை மூலையில் சாய்ந்து கிடந்தது. “அது ஒண்ணும் பொம்ம இல்லப்பா!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். மீனைச் சாகடிக்கப் பார்த்தவர் அவர். முதுகில் அடி வாங்கியவள் நான். என்னைத் திட்டிக்கொண்டே அவர் தண்ணீரை மாற்றினார். உப்பங்கழி மீனாயிற்றே, புதுத் தண்ணீரில் கல் உப்பு போட வேண்டும் என்பதைக்கூட அழுதுகொண்டே நான்தான் ஞாபகப்படுத்தினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். கடலூரில் தனக்குத் தெரிந்த வண்ணமீன் கடைக்காரருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி நடுவில் வைத்தார். என்ன தீனி கொடுக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். ஓட்டை எடுத்து, சதையை நறுக்கி, என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு.

“ஏம்மா, ஓட்டோட குடுத்தாதான அது கடிச்சிக் கடிச்சிப் பல்லு தேயும்? நீங்க மீன உக்கார வச்சி சோறு போட்டிருக்கீங்க. வாயே பூட்டிக்கிச்சு. இப்பிடியே வுட்டா செத்துப்பூடும்.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அத்தை சிரித்தாள். சாதாரணச் சிரிப்பில்லை, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி. மீன் சாகக் கிடக்கிறது, இவளுக்குச் சிரிப்பு வருகிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

கடைக்காரர் சொல்லச் சொல்ல வேலை நடந்தது. வலையில் தூக்கினால் காற்றைக் குடித்து உப்பிவிடும் என்று, மீனைத் தண்ணீரோடு குவளையில் மொண்டு ஒரு கிண்ணத்துக்கு மாற்றினார்கள். அம்மா பல்வலிக்கு வைத்திருந்த கிராம்புத் தைலத்தில் ஒரு சொட்டை, தண்ணீர் நிரப்பிய சிறு பாட்டிலில் விட்டு நன்றாகக் குலுக்கி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிண்ணத்தில் ஊற்றினாள். நிறைய ஊற்றினால் மயக்கம் தெளியாமலே போய்விடுமாம். நான் அழ ஆரம்பித்ததும் மாமா என் தோளைப் பிடித்துக் கதவோரம் நிறுத்தினார். என் மீன், எனக்குத்தான் கதவோரம்.

பேத்தை மெல்லச் சாய்ந்தது. செவுள் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அம்மா அதை ஈரத்துணியில் பொதிந்து பிடித்தாள். வெந்நீரில் போட்டு எடுத்த புது நகவெட்டி தயாராக இருந்தது. யார் வெட்டுவது? மாமா பின்னால் நகர்ந்துகொண்டார். அத்தை நகவெட்டியை எடுத்துக்கொண்டாள்.

“வெரல வாய்கிட்ட வுடாதீங்க, துண்டாக்கிடும். நுனி நுனியா வெட்டுங்க. உள்சதையில படக் கூடாது” என்றது போன்.

டிக் என்று ஒரு சத்தம். அரிசிக் குருணை மாதிரி ஒரு துணுக்குத் தெறித்தது. அத்தை துணியில் தண்ணீரை விட்டு நனைத்தாள், மறுபடி டிக். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. மேல் பல், கீழ்ப் பல், சட்டென்று முடிந்தது. பிறகு தொட்டித் தண்ணீரில் விட்டு, உள்ளங்கையில் ஏந்தி, முன்னும் பின்னுமாக அதை நகர்த்திக்கொண்டே இருந்தாள். அது அசையவில்லை. கொன்றுவிட்டீர்கள், கொன்றுவிட்டீர்கள் என்று நான் அழுதேன். அத்தை கையை எடுக்கவில்லை. அப்புறம் ஒரு கண் சுழன்றது, வால் அடித்தது. சாயங்காலம் ஓட்டோடு ஒரு நத்தையைப் போட்டோம். நறுக்கென்று அது கடித்த சத்தம் கண்ணாடிக்கு வெளியே கேட்டது.

அம்மா அத்தையின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். “இந்தக் கைய வச்சிக்கினா நீ சும்மா குந்திகினு இருக்கற?” என்றாள். அத்தை வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“அண்ணா, நாளைக்கி நானும் அண்ணிகூட கூடத்துக்குப் போறேன்.”

“ஊரு என்னா பேசும்?”

“பேசிட்டுப் போவுது.”

அத்தை அப்பாவை எதிர்த்துப் பேசி அன்றுதான் கேட்டேன். திங்கட்கிழமை நான் ஸ்கூலிலிருந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்தேன். பேத்தை கண்ணாடி ஓரத்துக்கு வந்தது, என் முகத்தைப் பார்த்தது, திரும்பிப் போய்விட்டது. பொழுது சாய்ந்து, முழங்கை வரை வெள்ளை மண்ணோடு அத்தை வந்தாள். தொட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கை கழுவிவிட்டு நேராகத் தட்டின் முன் உட்கார்ந்தாள். குழம்பை ஊற்றிப் பிசைந்து தின்றாள், இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள், அதையும் தின்றுவிட்டு மறுபடியும் தட்டை நீட்டினாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டாள். நேற்றுத்தான் பிழைத்த உயிர் அங்கே தனியாகத் தவிக்கிறது, இவளுக்கு எப்படிச் சோறு இறங்குகிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.