கல்யாண மண்டபத்தில் மல்லாட்டை வாசம்

திண்டிவனத்தில் பழைய எண்ணெய் மில்லைக் கல்யாண மண்டபமாக மாற்றிவிட்டார்கள். ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும் கூரைக்கும் இரும்புத் தூண்களுக்கும் தங்க வர்ணம் பூசியிருந்தும், ஏசியைப் போட்டதும் சுவருக்குள்ளிருந்து மல்லாட்டைத் தூசி வாசம் கிளம்பி வந்து என் மூக்கில் உட்கார்ந்துகொண்டது.

நான் சிறுவனாக இருந்தபோது அந்தக் கூரையின் சாய்ந்த கண்ணாடிகள் வழியே வெளிச்சம் தூசியோடு இறங்க, அதன் கீழே அம்மாவும் மற்ற பெண்களும் வரிசையாக உட்கார்ந்து, ஊர்க்கதை பேசியபடியே உடைத்த வேர்க்கடலையில் சொத்தைப் பருப்பைப் பொறுக்குவார்கள். பள்ளிக்கூடம் விட்டால் நானும் அங்கேதான். சங்கு ஊதியதும் ஒவ்வொருத்தியும் வாசலில் முந்தானையை உதறி, தூக்குச்சட்டியைத் திறந்து வாட்ச்மேனிடம் காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும்.

ஒருநாள் அம்மாவுக்குப் பக்கத்தில் பருப்பு பொறுக்கிய அக்கா என் டவுசர் பையைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாடா மாப்ளே, ஜோபி பொம்முனு கீது? இன்னிக்குப் பசங்களையும் பாக்கறாங்களாம்."

அந்த நொடியிலேயே கைவிலங்கு, ஜெயில், களி வரை போய்வந்த மாவீரனான நான், திருடிய பருப்பு முழுவதையும் அம்மாவின் சட்டியில் கொட்டி மூடினேன்.

சங்கு ஊதியதும் வாசலில் வாட்ச்மேன் சட்டியைத் திறந்தார். "இன்னாம்மா இது?"

அம்மா என்னைப் பார்த்தாள். "நான்தாங்க எடுத்தேன். புள்ளைக்கு."

"நாளைலேர்ந்து வராத."

வெறும் சட்டியோடு அவள் வீட்டுக்கு நடந்தாள். அவளுடைய வேலை போனது எனக்கு உறைக்கவே இல்லை. நான்தான் தப்பித்துவிட்டேனே என்று அவளுக்கு முன்னால் துள்ளிக்கொண்டு ஓடினேன்.